அக்கா சேர்த்த சுறாக்கள்

அந்தச் சுறா என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. பீங்கானில் செய்தது. சாம்பல் நிற முதுகு, வெள்ளை வயிறு, தலையில் சிவப்புத் தொப்பி. வாயை அகலத் திறந்து சிரித்துக்கொண்டிருக்கும். பற்களுக்கு வெள்ளைப் புள்ளிகள் வைத்திருந்தார்கள். வைத்தவருக்கு என்ன அவசரமோ, ஒரு புள்ளி மட்டும் வழுக்கிப்போய் மூக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. காரைக்காலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை மேல், மீன் குழம்புச் சட்டிக்கும் தண்ணீர்ச் செம்புக்கும் நடுவில், பெரியப்பா அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். எழுபதுகளின் தொடக்கம் அது. நான் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா பள்ளி முடித்துவிட்டு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஊரில் அவரைப் போன்றவர்களைச் ‘சொல்தா’ என்பார்கள். விடுமுறைக்கு வந்தால் டின் டின்னாக பிஸ்கட்டும் வாசனை சோப்பும் கதைகளும் கொண்டுவருவார். மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு பிரான்சில் கேக் செய்யும்போது மாவுக்குள் ஒரு சின்னப் பொம்மையை ஒளித்துவைப்பார்களாம். யாருடைய துண்டில் அது வருகிறதோ அவர் அன்றைக்கு ராஜா. காகிதக் கிரீடம் வைத்துவிடுவார்களாம். “கடிச்சேன் பாரு, டக்குன்னு ஒரு சத்தம். பல்லு போச்சுன்னே நெனச்சேன். துப்பிப் பாத்தா இவன் சிரிக்கிறான்” என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அதை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பெரியப்பா, இத நான் வச்சுக்கவா?”

“நீ என்ன சின்னப் புள்ளையா?”

“இல்ல. அதனாலதான் கேட்டு வாங்கிக்கிறேன்.”

அங்கேதான் தொடங்கியது. அந்தக் காலத்தில் பற்பசை டப்பாவுக்குள் சின்னச் சின்ன பிளாஸ்டிக் மிருகங்கள் இலவசமாக வரும். எங்கள் தெருவில் எந்த வீட்டில் பற்பசை தீர்ந்தாலும் அக்காவுக்குத் தெரிந்துவிடும். மாதா கோவில் திருநாள் கடைகள், மாங்கனித் திருவிழாக் கடைகள், நாகூர் கந்தூரிக் கடைகள், வேளாங்கண்ணியில் சிப்பிகளை ஒட்டிச் செய்யும் ஆமையும் ஆந்தையும் விற்கிற வரிசை என்று எங்கே போனாலும், எங்களெல்லாரையும் ராட்டினத்தின் பக்கம் அனுப்பிவிட்டுப் பொம்மைக் கடை முன்னால் குந்திவிடுவாள். ஆனால் பரப்பிவைத்திருக்கும் அழகான பொம்மைகள் எதையும் தொடமாட்டாள். “ஒதுக்கி வச்சது எதுவும் இருக்குங்களா?” என்று கேட்பாள். கடைக்காரர் சாக்குக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துத் தள்ளுவார். அதற்குள் அக்காவின் உலகம் இருக்கும். நாய் முகத்தோடு பிறந்துவிட்ட பசு. இரண்டு காலும் இடது காலாக அமைந்த போலீஸ்காரர். மீசை வரைந்து அனுப்பப்பட்ட மணப்பெண். மத்தளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மத்தளம் வாசிக்கும் தவளை. எல்லாமே விரல் உயரம், இல்லாவிட்டால் அதற்கும் கீழே. “சரியா இருக்கறது எல்லார் வீட்டுலயும் இருக்கும்டி. இந்த மாதிரி ஒண்ணு திரும்பக் கெடைக்காது” என்பாள் என்னிடம். அடுத்த வருஷம் அதே கடைக்காரர், “உங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்மா” என்று தானாகவே பெட்டியை நீட்டுவார்.

அவற்றில் சுறாக்களுக்குத் தனி மரியாதை. மேல் தட்டு முழுக்க அவைதான். பற்பசையோடு வந்த மஞ்சள் சுறா, வாலை அமுக்கினால் விசில் அடிக்கும் ரப்பர் சுறா, சிப்பிக் காது வைத்த வேளாங்கண்ணிச் சுறா என்று வரிசை கட்டி நிற்கும். அப்பா ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார். கிளினிக்கில் கழித்துவிட்ட கண்ணாடிக் கதவு மருந்து அலமாரியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து கூடத்தில் அக்காவுக்காக நிறுத்தியிருந்தார். கதவைத் திறந்தால் டிங்சர் வாசனை வரும். வீட்டுக்கு வருகிறவர்கள் யாராக இருந்தாலும் முதலில் கண்ணில் படுவது சுறாக்கள்தான்.

காரைக்கால்மேட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் ஒருத்தி இருந்தாள். பால்சுறா வந்தால் புட்டுக்கு என்று எங்கள் வீட்டுக்கு எடுத்துவைப்பாள். ஒருநாள் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தவள் அலமாரியைப் பார்த்துவிட்டாள். “அடியாத்தி! கடல்ல எங்க வலையக் கிழிக்கிறவன் இங்க வந்து தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிறானே!” என்று கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தாள். அடுத்த வாரம் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை அவிழ்த்தாள். வலை மிதவைக் கட்டையின் உடைந்த துண்டில் அவள் வீட்டுக்காரர் செதுக்கிய கொம்பன்சுறா. தலை இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி நீண்டு, இந்தக் கோடியில் ஒரு கண், அந்தக் கோடியில் ஒரு கண். அக்கா செம்புக் கம்பியை வளைத்து அதற்கு ஒரு மூக்குக் கண்ணாடி செய்து மாட்டினாள். சுறாவின் உடம்பைவிடக் கண்ணாடி அகலம். அதைப் பார்த்ததும் மீன்கார அம்மாள், “இனிமே வலையப் பாத்து ஒதுங்கிப் போவான்” என்றாள். அம்மாவே அன்றைக்குச் சிரித்துவிட்டாள்.

மற்றபடி அம்மாவுக்கு இதில் விருப்பம் கிடையாது. அக்கா பரீட்சை எழுதி அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த பிறகு அந்த விருப்பமின்மை கவலையாக மாறியது. வேலைக்குப் போகிற, கல்யாணத்துக்கு நிற்கிற பெண், சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் பஞ்சை எடுத்துக்கொண்டு பொம்மைகளைத் துடைக்கிறாளே என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வாள்.

அப்போதுதான் பெரியப்பா அந்த வரனைக் கொண்டுவந்தார். எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு இருந்த எடையை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ‘நேஷனாலிட்டி மாப்பிள்ளை.’ பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பையன், அங்கே தபால் இலாகாவில் வேலை, விடுமுறைக்கு வந்திருக்கிறான், பெண்ணைப் பார்த்துப் பிடித்துவிட்டால் திரும்பிப் போவதற்குள் நிச்சயம். அக்காவின் தலைமுறையில் எத்தனையோ பெண்களும் அவர்கள் பெற்றோரும் காத்துக்கிடந்த விஷயம் அது. அக்கா போனால் பின்னாலேயே தங்கைக்கும் ஒரு வழி பிறக்கும் என்று அம்மா என்னையும் சேர்த்து மனசுக்குள் விமானத்தில் ஏற்றிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அம்மா விடியலிலிருந்து வீட்டைக் கழுவினாள். அலமாரியைப் பின்கட்டுக்குத் தள்ளப் பார்த்தாள். கண்ணாடி கிறீச்சிட்டது, பயந்து விட்டுவிட்டாள். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். அவர் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். அமைதியானவர், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். அந்த அம்மாள் பட்டுப்புடவை சரசரக்க நாற்காலியில் உட்கார்ந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பார்வை அலமாரியில் நின்றது.

“வீட்டுல சின்னப் புள்ளைங்க இருக்குதுங்களா?”

“இல்லீங்க. அது பெரியவளோடது” என்றாள் அம்மா, குரல் இறங்கி.

“பெரியவளோடதா?”

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து வந்து பார்க்கவுமில்லை. மாப்பிள்ளை ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். காப்பி குடித்தார்கள். அக்காவின் சம்பளம், படிப்பு, வயது எல்லாம் விசாரித்தார்கள். கிளம்பும்போது வாசலில் நின்று அந்த அம்மாள் அம்மாவிடம் சொன்னார், அக்கா அங்கேயே தட்டோடு நிற்பது தெரியாதவர் போல: “பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு. ஒண்ணே ஒண்ணு. இந்தக் குப்பையெல்லாம் இப்பவே யாருக்காவது குடுத்துடச் சொல்லுங்க. நாலு பேரு வந்து போற வீடு எங்களுது. பைத்தியம்னு நெனச்சுக்குவாங்க.”

அக்கா தட்டைத் திண்டில் வைத்தாள். அலுவலகத்தில் ஒரு ஃபைலைப் பற்றிச் சொல்கிற குரலில்தான் பேசினாள்.

“நான் வந்தா இதுவும் என்னோட வருமுங்க.”

பெரியப்பா இருமினார். அந்த அம்மாள் அம்மாவைப் பார்த்து, “யோசிச்சுச் சொல்லி அனுப்புங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவர்கள் காருக்குள் ஏறும்வரை காத்திருந்த அம்மா உள்ளே வந்து அழ ஆரம்பித்தாள். பெரியப்பா கோபக்காரர்தான், ஆனால் அன்றைக்குக் கோபப்படவில்லை. நியாயமாகவே பேசினார். “ஒரு பெட்டியில போட்டு இங்கயே வச்சுட்டுப் போ. அடுத்த லீவுக்கு வர்றப்ப நானே தூக்கிட்டுப் போயி உங்கிட்ட குடுக்குறேன். இப்ப சரின்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்.”

எனக்கே அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அக்கா சுவரில் சாய்ந்து நின்றபடி மெதுவாகப் பதில் சொன்னாள்.

“வேணாம்னு சொன்னதுகூடப் பரவால்ல பெரியப்பா. எழுந்து வந்து, ஒண்ண கையில எடுத்து, இது என்னம்மா, எதுக்கு வச்சிருக்கேன்னு கேட்டிருந்தா நானே மூட்ட கட்டி வச்சுட்டுப் போயிருப்பேன். பாக்காமயே தூக்கிப் போடச் சொல்றாங்க. அவரும் பக்கத்துல உக்காந்து மணி பாத்துக்கிட்டு இருந்தாரு. அவ்வளவு தூரத்துல, தெரியாத ஊருல, என்னையும் அப்படித்தான நடத்துவாங்க?”

“பொம்மைக்காக ஒரு வாழ்க்கையவே வேணாங்குறியேடி. உன் பின்னால ஒருத்தி நிக்கிறாளே, அவள நெனச்சியா?” என்று அம்மா என்னைச் சுட்டிக் காட்டினாள்.

“என்னக் காட்டி அவளக் கட்டாயப்படுத்தாதம்மா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்றேன். உயர்நிலைப் பள்ளிப் பாவாடை தாவணியில் நின்றுகொண்டு நான் சொன்ன அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றும் எனக்கு என்னைப் பிடிக்கிறது. “நீ வாய மூடு” என்றாள் அம்மா.

அந்த வாரம் முழுக்க வீட்டுக்கு ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். அத்தை வந்தாள், அக்காவின் ஞானஸ்நானத்தில் தாயாக நின்ற ஞானத்தாய் வந்தார். எல்லோரும் அக்காவுக்கு நல்லதைச் சொன்னார்கள். அக்கா எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள், யாரிடமும் குரலை உயர்த்தவில்லை, தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள். அப்பா அத்தனை நாளும் இதில் தலையிடவில்லை. காலையில் கிளினிக், மத்தியானம் சாப்பாடு, திரும்பக் கிளினிக். சனிக்கிழமை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் சைக்கிளை எடுத்தார். மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே உட்காராமல் நின்றபடியே, “எம் பொண்ணு சொன்னதுதாங்க என் முடிவும். நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கக் கூடாது” என்று கைகூப்பிவிட்டு வந்ததாகப் பெரியப்பா பிறகு சொன்னார். ஆனால் எங்களுக்கு அது தெரிவதற்கு முன்னாலேயே சேதி தெரிந்துவிட்டது. சைக்கிளை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, மறு கையில் செய்தித்தாள் சுற்றிய நீளமான ஏதோ ஒன்றை அணைத்தபடி அப்பா தெருமுனையில் வந்தார். பிரித்தால் கண்ணாடிப் பலகை. அலமாரிக்கு இன்னொரு தட்டு. அளவு சரியாக இருக்கிறதா என்று வைத்துப் பார்த்துவிட்டு, “எடம் பத்தலன்னு சொன்னேல்ல” என்றார் அக்காவிடம். அக்கா அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அம்மா அப்பாவோடு பேச வெகுநாள் ஆயிற்று. எனக்கோ, டாக்டர் சொல்கிற மருந்தைக் கலந்து கொடுப்பவர் என்று மட்டுமே நினைத்திருந்த என் அப்பாவை அன்றிலிருந்து நிமிர்ந்துதான் பார்க்கத் தோன்றியது.

ஊர் சும்மா இருக்குமா? ‘சுறாப் பொண்ணு’ என்று பெயர் வைத்தார்கள். பஸ் நிலையத்தில், கடைத்தெருவில், கோவில் வாசலில்கூட முதுகுக்குப் பின்னால் அந்தப் பேச்சு வரும். ஒருநாள் அலுவலகத்தில் யாரோ காகிதத்தில் சுறா ஒன்றை வெட்டி அவளுடைய டைப்ரைட்டர் மேல் ஒட்டிவைத்திருந்தார்கள். அக்கா கிழியாமல் அதை எடுத்து, “யாரு செஞ்சதுன்னு தெரியல. வால் நல்லா வந்திருக்கு. ரொம்ப நன்றிங்க” என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அது புதுத் தட்டில் முதல் ஆளாக ஏறியது. அதன் பிறகு அலுவலகத்தில் கேலி குறைந்துவிட்டது. மறு வருஷம் பெரியப்பா வந்தபோது முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஒரு சின்ன டப்பாவை மேசை மேல் வைத்தார். அங்கே தெரிந்தவர்கள் வீட்டிலெல்லாம் கேட்டு வாங்கிய கேக் பொம்மைகள். “நீ பண்ணுனதுக்கு எனக்கு இன்னும் கோவம் போகல. இது வேற” என்றார்.

அதற்குப் பிறகும் வரன்கள் வந்தன. சிலவற்றை அக்கா வேண்டாம் என்றாள், சிலர் அக்காவை வேண்டாம் என்றார்கள். ஒரு கட்டத்தில் வருவது நின்றது. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதை ஒரு தியாகக் கதையாக யாராவது சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வரும். எண்பதுகளில் அவளுக்குப் பதவி உயர்வோடு ஏனாமுக்கு மாற்றல் வந்தது. எங்கள் புதுச்சேரி ஆட்சிப் பகுதியைச் சேர்ந்தது என்றாலும் தெலுங்கு பேசும் ஊர், ரயிலும் பஸ்ஸும் மாறிப் போகவேண்டிய தூரம். ஆண்களே ஆளைப் பிடித்து மாற்றலை ரத்து செய்துகொள்வார்கள். அக்கா தனியாகப் போனாள். அப்பா கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த பஞ்சில் தொப்பிச் சுறாவை மட்டும் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மற்றவை இங்கேயே இருந்தன. ஏனாமில் சீக்கிரமே தெலுங்கு கற்றுக்கொண்டாள். அங்கே திருவிழாக் கடைகளில் ‘ஒதுக்கி வச்சது இருக்கா’ என்று தெலுங்கில் கேட்கத் தெரிந்ததுதான் தன் முதல் பாடம் என்பாள். மூக்கில்லாத மரக்கிளி ஒன்று பார்சலில் எங்களுக்கு வந்தது.

அலமாரியைத் துடைக்கும் வேலை அம்மாவிடம் வந்தது. முதலில் முணுமுணுத்துக்கொண்டே செய்தாள். பிறகு ஒவ்வொன்றையும் எடுத்துத் துடைத்து அதே இடத்தில் வைக்கவேண்டியிருந்ததால் அவளுக்கு எல்லாம் பழகிவிட்டது. போலீஸ்காரரின் கால் தவறு என்பதையே அவள் அப்போதுதான் கவனித்தாளாம். “ஏன்டி, இவன் எப்படி நடப்பான்?” என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். தெருப் பிள்ளைகள் வந்தால் ரப்பர் சுறாவை விசிலடிக்க வைத்துக் காட்டினாள். அடுத்த வேளாங்கண்ணித் திருநாளில், பூசை முடிந்து வெளியே வந்ததும் அம்மாவைக் காணவில்லை என்று தேடினால், சிப்பிக் கடை முன்னால் குந்தியிருந்தாள்.

என்னைப் பெண் பார்க்க நாகப்பட்டினத்திலிருந்து வந்தார்கள். அதற்காக அக்காவும் லீவு போட்டு வந்திருந்தாள். பழைய கதை திரும்ப வேண்டாம் என்று அத்தை காலையிலேயே ஒரு பூப்போட்ட போர்வையை அலமாரியின் மேல் தொங்கவிட்டிருந்தாள். அக்கா அதைப் பார்த்துவிட்டுக் காப்பி கலக்கப் போய்விட்டாள். அவர்கள் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி, நாற்காலியை இழுத்த நேரத்தில் அம்மா நேராக நடந்துபோய் அந்தப் போர்வையை உருவினாள்.

“இது எங்க பெரிய பொண்ணு சேத்ததுங்க. ஏனாம்ல அதிகாரியா இருக்கா. மொதல்ல வந்து பாருங்க. அப்பறம் உக்காந்து பேசலாம்.”

அத்தை வாயில் கையை வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அப்பா, ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர், நாற்காலியை விட்டுவிட்டு வந்தார். குனிந்தார். அவர் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். அம்மா ஒவ்வொன்றாகக் காட்டினாள். எது எந்த ஊரில் கிடைத்தது, எதற்கு என்ன கோளாறு, யார் கொடுத்தது என்று ஒன்றுகூடப் பிசகாமல் சொன்னாள். கொம்பன்சுறாவிடம் வந்தபோது மாப்பிள்ளை சத்தமாகச் சிரித்துவிட்டுத் தன் கனத்த மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அவரைத்தான் நான் கட்டிக்கொண்டேன். அக்கா காப்பித் தட்டோடு அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். எத்தனை நேரம் நின்றாளோ, எல்லோருக்கும் ஆறிப்போன காப்பிதான் கிடைத்தது. யாரும் குறை சொல்லவில்லை.

அப்பாவும் அம்மாவும் பெரியப்பாவும் இன்று இல்லை. அக்கா சூப்பரின்டெண்டென்டாக ஓய்வு பெற்றுக் காரைக்காலுக்கே திரும்பி, அதே வீட்டில் இருக்கிறாள். காலம் வேடிக்கையானது. என் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத மூடிய பெட்டிகளில் வருகிற சின்னப் பொம்மைகளை வாங்கி மேசையில் அடுக்கி, படம் எடுத்துப் போடுகிறாள். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் பாராட்டுகிறார்கள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் வீட்டுப் பையனும் கார் பொம்மைகள் சேர்ப்பவன். இதற்கெல்லாம் ஒரு காலத்தில் ஒரு பெண் தன்னந்தனியாக நின்று பதில் சொல்லவேண்டியிருந்தது என்று அவர்களுக்கு நான் சொன்னால் புரியுமா என்று தெரியவில்லை.

போன மாதம் சென்னை போயிருந்தபோது மகள் எங்கள் இருவரையும் ஒரு பெரிய பொம்மைக் கடைக்கு அழைத்துப் போனாள். குளிரூட்டிய கடை, கண் கூசும் விளக்குகள். அக்கா கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு தட்டாக நின்று பார்த்தாள். கடைசித் தட்டில், மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்டும் ஒரு சுறாவை எடுத்துப் பணம் கட்டுகிற இடத்துக்குக் கொண்டுபோனாள். கடைப் பெண் அதைக் காகிதத்தில் சுற்றப் போனவள், அன்பாகத்தான், நிமிர்ந்து கேட்டாள்.

“பேரனுக்காம்மா?”

“இல்லம்மா. எனக்கு” என்றாள் அக்கா. “சுத்த வேணாம், அப்படியே கையில குடு.”